மீட்கப்பட்ட கிளிக்கு எது வீடு?
அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் கிளிகளும் அவற்றின் மறுவாழ்வும்

கிளியைப் போலத் தமிழ் மக்களின் வாழ்வோடு நெருங்கிக் கலந்த பறவைகள் மிகச் சிலவே. மதுரை மீனாட்சியின் கையிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி அமர்ந்திருக்கிறது. மழலை பேசும் குழந்தையைக் கிளி என்று கொஞ்சுகிறோம். கேட்டதையே திரும்பச் சொல்பவனைக் கிளிப்பிள்ளை என்கிறோம். ஆயினும் இந்த அன்பே அப்பறவைக்குப் பெருந்துன்பமாகவும் முடிந்திருக்கிறது. அது அழகாயிருப்பதாலும், மனிதர் பேச்சை ஒலித்துக் காட்டுவதாலும், பொந்திலிருந்து குஞ்சாகவே எடுக்கப்பட்டுக் கூண்டில் அடைக்கப்படுகிறது.

அந்தமான் தீவுகளுள் ஒன்றில், கோடையின் தொடக்கத்தில், சிறகு முற்றாத கிளிக்குஞ்சு ஒன்று அட்டைப் பெட்டியில் வைத்து வனத்துறை அலுவலகத்திற்குக் கொண்டுவரப்படுவதாக வைத்துக்கொள்வோம். கொண்டுவந்தவர் நல்லெண்ணமுடையவர், அதனைத் துன்பத்திலிருந்து மீட்டவர். அக்குஞ்சுக்கு இனி ஒரு நல்ல வீடு அமைய வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். அவ்வீடு எது? இக்கேள்விக்கு விடை கூறுவது தோற்றத்தில் எளிது. உண்மையில் மிகவும் கடினம். தீவுகளில் அது இன்னும் கடினமாகிறது. அதற்கான காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவுகளின் கிளிகள்

அந்தமான் நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தில் இயற்கையாக வாழும் கிளிகள் ஐந்து வகையின. அவற்றுள் பெரிய பச்சைக்கிளியைத் தோளில் உள்ள சிவப்புத் திட்டைக் கொண்டு எளிதில் அறியலாம். தென்னாட்டிலும் இவ்வினம் உண்டு. ஆனால் அந்தமானில் வாழும் கிளையினத்திற்கு அலகு மேலும் பெரிது. 1872ஆம் ஆண்டில் வாலண்டைன் பால் என்ற நிலவியல் அறிஞர் இதனைப் பிரித்துப் பெயரிட்டபோது, ‘பேரலகு’ என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லையே அதற்குச் சூட்டினார்.

இரண்டாவது செம்மார்புக் கிளி. அந்தமானின் ஊர்ப்புறங்களிலும் தோட்டங்களிலும் கூட்டமாகக் காணப்படுவது இதுவே. இதன் மார்பு இளஞ்சிவப்பாகவும், அலகின் அடியில் மீசை போன்ற கருங்கோடு உடையதாகவும் இருக்கும். மூன்றாவது நீள்வால் கிளி. இதன் கன்னங்கள் சிவந்திருக்கும். அந்தமானில் இதன் ஒரு கிளையினமும், நிக்கோபாரில் மற்றொரு கிளையினமும் வாழ்கின்றன. அந்தமான் கிளையினத்தை 1874ஆம் ஆண்டில் ஏ. ஓ. ஹியூம் விவரித்து, போர்ட் பிளேர் குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்த டைட்லரின் பெயரை அதற்கு வைத்தார்.

நான்காவது நிக்கோபார் கிளி. சாம்பல் நிறத் தலையும், நெற்றியிலும் தொண்டையிலும் கருநிறமும் கொண்ட இப்பெரிய கிளி உலகில் வேறெங்கும் இல்லை. பெரிய நிக்கோபார், சிறிய நிக்கோபார், அவற்றை அடுத்துள்ள சில சிறு தீவுகள் ஆகியவையே இதன் உலகம். பழுத்த தாழம்பழம் இதற்கு விருப்பமான உணவு. ஐந்தாவது, சிட்டுக்குருவியளவே உள்ள சிறு கிளி. இரவில் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி உறங்குவது இதன் வழக்கம். பூந்தேனும் மென்கனிகளும் இதன் உணவு.

இவ்வேறுபாடுகளை இங்கே விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மீட்கப்பட்ட கிளியின் நலனைக் கருதுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது எந்த இனம்?’ என்பது. அடுத்த கேள்வி, ‘இது எந்தத் தீவினது?’ என்பது. இவ்விரண்டிற்கும் விடை தெரியாமல் செய்யப்படும் எந்த உதவியும் தீங்காக மாறக்கூடும்.

சட்டம் கூறுவது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளைப் பாதுகாக்கிறது. இந்தியக் கிளிகளின் வாணிகம் 1990–91ஆம் ஆண்டுகளில் முற்றிலும் தடை செய்யப்பட்டது. அவற்றைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் வளர்ப்பதும் குற்றமாகும். இத்தகைய பறவை ஒருவர் கைக்கு எவ்வாறு வந்திருப்பினும், 48 மணி நேரத்திற்குள் அண்மையிலுள்ள காவல் நிலையத்திற்கோ வனத்துறை அதிகாரிக்கோ அதனைத் தெரிவிக்க வேண்டும். நிக்கோபார்ப் பழங்குடி மக்களுக்கு 1967ஆம் ஆண்டின் அறிவிக்கை ஒன்று வழங்கிய வேட்டை உரிமைகளை இச்சட்டம் தொடவில்லை. ஏனையோருக்கு விலக்கு எதுவும் இல்லை.

ஆகவே, ‘மீட்கப்பட்ட கிளியை நானே வளர்க்கிறேன்’ என்று ஒருவர் முன்வருவது எவ்வளவு அன்பினால் நேர்ந்தாலும் சட்டத்திற்கு ஒவ்வாதது. சட்டம் இவ்விஷயத்தில் கடுமையாக இருப்பது ஏன் என்பதைப் பின்வரும் பகுதிகள் விளக்கும்.

முதல் உதவி

பறவை உரியவர் கையில் சேரும் வரையில், அதனை வைத்திருப்பவர் செய்ய வேண்டியவை சிலவே. காற்றுத் துளைகளுள்ள அட்டைப் பெட்டியொன்றில், அடியில் துணி விரித்து, இருளும் அமைதியுமுள்ள இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். கிளியின் அச்சம் கண்ணின் வழியே வளர்கிறது. இருள் அதனைத் தணிக்கிறது. சூழ நின்று பார்ப்பதும், தடவிக் கொடுப்பதும், பேசிக் கொஞ்சுவதும் மனிதருக்கு ஆறுதல் தரலாம். பறவைக்கோ அவை கொடியதொரு விலங்கின் நெருக்கமாகவே தோன்றும்.

இறகு முளையாத குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. அதற்கு 32 முதல் 35 டிகிரி சென்டிகிரேட் வரை வெப்பம் தேவை. குளிர்ந்த உடலோடு இருக்கும் குஞ்சுக்கு உணவு ஊட்டினால், அவ்வுணவு தொண்டைப் பையிலேயே தங்கிப் புளித்துவிடும். எனவே முதலில் வெப்பம், பிறகு நீர், அதன் பின்னரே உணவு என்பது முறை. ஊட்டும் கூழ் உடற்சூட்டளவே இருத்தல் வேண்டும். சற்று அதிகமாகச் சுட்டாலும் தொண்டைப் பை வெந்து புண்ணாகும்.

பால் கொடுப்பது நம்மிடையே உள்ள பழைய வழக்கம். கிளிக்குப் பாலும் சோறும் வைப்பதை அன்பின் அடையாளமாகக் கருதுகிறோம். ஆனால் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைகளுக்கு இல்லை. தாய்ப்பாலில் வளரும் உயிர்களுக்கே அவ்வாற்றல் அமைந்திருக்கிறது. கிளிக்குஞ்சுக்குப் பால் ஊட்டினால் வயிற்றுப்போக்கு உண்டாகி, உள்ள நீரையும் அது இழந்துவிடும்.

தனித்து வைத்தலின் அவசியம்

மீட்பு நிலையத்திற்கு வந்த பறவையைக் குறைந்தது 30 நாட்கள் மற்றப் பறவைகளினின்று தனித்து வைக்க வேண்டும். இதற்கு இரண்டு நோய்கள் முக்கியமான காரணங்கள்.

முதலாவது, கிளிக் காய்ச்சல் என்று கூறப்படும் நோய். ஒருவகைப் பாக்டீரியாவினால் உண்டாகும் இந்நோய், உலர்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதரின் நுரையீரலையும் தாக்குகிறது. 1929–30ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகள் வாயிலாக இது ஐரோப்பாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் பரவி, பலர் உயிரிழந்தனர். இன்று இதற்குத் தக்க மருந்துகள் உண்டு. எனினும் கூண்டை உலர்ந்த நிலையில் பெருக்காமல், ஈரப்படுத்தித் துடைப்பதும், முகமூடி அணிவதும் இன்றியமையாதவை.

இரண்டாவது, அலகு இறகு நோய். இது வைரஸினால் வருவது. நோயுற்ற கிளியின் இறகுகள் உருக்குலைந்து உதிரும். அலகு வளைந்து முறியும். இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. நோயின் அடையாளம் வெளியே தெரியாத பறவையும் அதனைப் பிறவற்றிற்குக் கொடுக்கும். ஆகவே பரிசோதனை செய்யாமல் ஒரு கிளியைக் காட்டில் விடுவது, அக்காட்டிலுள்ள கிளிகள் அனைத்தையும் பணயம் வைப்பதாகும்.

கூண்டும் உணவும்

தனித்து வைக்கும் நாட்களிலேயே கிளி புதிய இடத்திற்குப் பழக வேண்டும். உயரமான கூண்டைவிட நீளமான கூண்டே ஏற்றது. கிளி மேலும் கீழும் பறப்பதில்லை. நேராகப் பறக்கும் பறவை அது. கூண்டின் ஒரு பக்கமேனும் சுவரை அடுத்திருந்தால் அதற்கு அச்சம் குறையும். அமரும் கொம்புகள் ஒரே பருமனாக இராமல், பட்டையோடு கூடிய பலவகை மரக்கிளைகளாக இருக்க வேண்டும். ஒரே பருமனுள்ள வழவழப்பான கம்பியில் நாள் முழுதும் அமரும் கிளிக்குப் பாதத்தில் புண் உண்டாகிறது. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும்.

வீடுகளில் வளர்ந்த கிளிகள் பெரும்பாலும் சோறும் சில வித்துக்களுமே தின்று பழகியிருக்கும். இவ்வுணவில் வைட்டமின் ஏ சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. கொய்யா, பப்பாளி, கீரைகள், முளைகட்டிய பயறுகள் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பழைய உணவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மிளகாயைக் கிளி விரும்பி உண்பது பலரும் அறிந்ததே. அதன் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. உப்பு, காப்பி, சாக்லேட், வெண்ணெய்ப் பழம் ஆகியவை கிளிக்கு நஞ்சு.

நாள்தோறும் காலையில் பறவையை எடை போடுதல் வேண்டும். கிளி தன் நோயை மறைக்கும் இயல்புடையது. கூட்டத்தில் தளர்ந்து காணப்படுவது பருந்தின் கண்ணில் படும் என்பதே இதற்குக் காரணம். உண்பது போல அது நடிக்கலாம். தராசை ஏமாற்ற இயலாது.

மனிதனை மறக்கக் கற்றல்

உடல் தேறுவது ஒரு பாதி. மனம் தேறுவது மறுபாதி. பொந்திலிருந்து பறந்து வெளிவரப் பெரிய பச்சைக்கிளியின் குஞ்சுக்கு ஏறக்குறைய ஏழு வாரங்கள் ஆகும். அதன் பின்னரும் சில வாரங்கள் பெற்றோருடன் திரிந்து, எந்தக் கனி உண்ணத்தக்கது, எந்தக் குரல் ஆபத்தின் அறிகுறி, இரவில் எங்கே கூடி உறங்குவது என்பனவற்றைக் கற்கிறது. மனிதர் கையில் வளரும் குஞ்சு இவை எதையும் கற்பதில்லை. மாறாக, உணவு மனிதர் கையிலிருந்து வரும் என்றும், அழைத்தால் தோளில் அமரலாம் என்றும் கற்றுக்கொள்கிறது. அத்தகைய கிளியை வெளியே விட்டால் அது காட்டை நோக்கிப் போகாமல், முதலில் காணும் வீட்டின் திண்ணைக்கே வரும். அங்கே அதனை வரவேற்பது பூனையாகவும் இருக்கலாம். மீண்டும் ஒரு கூண்டாகவும் இருக்கலாம்.

இதனால்தான் மறுவாழ்வுப் பணியில் பேச்சுக்கு இடமில்லை. குஞ்சுகளைத் தனியே வளர்க்காமல், அதே இனத்தைச் சேர்ந்த பிற குஞ்சுகளோடு சேர்த்தே வளர்க்க வேண்டும். ஊட்டுபவர் தம் முகமும் குரலும் பழக்கமாகிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் பேசக் கற்பிக்கும் ஒவ்வொரு சொல்லும், அக்கிளி தன் இனத்தாரின் மொழியைக் கற்கும் காலத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

சிறகு வெட்டப்பட்ட கிளிகளுக்குப் பொறுமை தேவை. வெட்டுண்ட இறகு வளர்வதில்லை. அது உதிர்ந்து புதிய இறகு முளைக்கும் வரை, ஓராண்டு வரையிலும் காத்திருக்க நேரலாம். சில இடங்களில், உதிர்ந்த இறகுகளைச் சேமித்து வைத்து, வெட்டுண்ட இறகின் தண்டில் பொருத்தி ஒட்டும் நுட்பமான முறையும் கையாளப்படுகிறது.

எந்தத் தீவிற்கு?

இங்கேதான் அந்தமான் நிக்கோபாரின் தனிச் சிக்கல் எழுகிறது. தென்னாட்டில் மீட்கப்பட்ட பச்சைக்கிளியை அதன் இனக் கூட்டம் வாழும் தோப்பொன்றில் விடலாம். தீவுகளில் அவ்வாறு செய்ய இயலாது. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடையே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அகலமுள்ள பத்துப் பாகைக் கால்வாய் குறுக்கிடுகிறது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து, பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் விரிகுடா 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இக்கடலைக் காட்டுக்கிளிகள் கடப்பதில்லை. அதனாலேயே இருபுறமும் வேறு வேறு இனங்களும் கிளையினங்களும் தோன்றின. மனிதர் கையில் கூண்டிலோ கப்பலேறி எளிதாகக் கடந்துவிடலாம்.

அவ்வாறு கடந்து வந்த நிக்கோபார் கிளி ஒன்று போர்ட் பிளேரில் மீட்கப்பட்டால், சுற்றிலும் பசுங்காடு இருந்தும் அதற்கு அங்கே வீடில்லை. அதன் குரலுக்கு மறுகுரல் கொடுக்க ஒரு கிளியும் இராது. நிக்கோபாரின் நீள்வால் கிளியை அந்தமானில் விடுவது இதனினும் நுட்பமான தவறு. அங்கே அதற்குத் துணை கிடைக்கும். ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்தனியே உருவான இரு கிளையினங்கள் கலந்துவிடும். புறத்தேயிருந்து கொண்டுவரப்பட்ட உயிர்கள் தீவுக்கு என்ன செய்யும் என்பதை அந்தமான் மக்கள் அறிவார்கள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான்கள் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து அதன் மறுவளர்ச்சியைத் தடுத்து வருகின்றன.

மொரீஷியஸ் தரும் பாடம்

இதே இந்துமாக்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவு, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் நாடு. நம் பச்சைக்கிளிக்கு நெருங்கிய உறவான எதிரொலிக் கிளி அத்தீவிற்கே உரியது. காடுகள் அழிந்ததால் 1980களில் இதன் எண்ணிக்கை இருபதுக்கும் கீழே சென்று, உலகின் மிக அரிய கிளி என்று கருதப்பட்டது. நம் நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் செவ்வளையக் கிளி அங்கே கூண்டுப் பறவையாகச் சென்று, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தப்பிக் காட்டில் பெருகி, எதிரொலிக் கிளியுடன் மரப்பொந்துகளுக்காகப் போட்டியிட்டது.

விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்தனர். கூடுகளைக் காவல் காத்தனர்; நலிந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தனர்; செயற்கைப் பொந்துகளை மரங்களில் பொருத்தினர்; 1990களின் பிற்பகுதி முதல் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டனர். கிளிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆனால் 2004–05ஆம் ஆண்டுகளில் அலகு இறகு நோய் அக்கூட்டத்தில் தோன்றியது. கிளிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வதையும் காட்டில் விடுவதையும் நிறுத்த நேர்ந்தது. அவ்வினம் பிழைத்துவிட்டது, எனினும் அந்நோய் அக்காட்டைவிட்டு நீங்கவில்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. அக்கறையோடும் முறையோடும் செய்தால், அழிவின் விளிம்பிலுள்ள தீவுக்கிளியையும் காட்டிற்குத் திரும்பக் கொண்டுவரலாம். அயலிடத்துக் கூண்டுக்கிளி தப்பினால், அது தனக்கு மட்டுமன்றி அத்தீவின் கிளிக்கும் கேடு சூழும். மொரீஷியஸில் நேர்ந்தது நிக்கோபாரிலும் நேரலாம்.

காட்டிற்குத் திரும்புதல்

இனமும் தீவும் உறுதியாகி, நோயின்மையும் தெளிவானால், கிளியைப் பறப்புக் கூண்டிற்கு மாற்றலாம். பலமுறை சிறகடித்துப் பறந்து திரும்பத்தக்க நீளமுள்ள இக்கூண்டு, அவ்வினக் கூட்டம் வந்துபோகும் இடத்திலேயே அமைதல் நன்று. காட்டுக் கனிகளைக் கிளையோடு ஒடித்துக் கட்டிவைத்தால், உரித்துத் தின்னக் கற்கும். வெளியிலுள்ள கிளிகளின் குரலைக் கேட்டுத் தானும் குரல் கொடுக்கத் தொடங்குவது நல்ல அறிகுறி.

விடுவதற்கு ஏற்ற காலமும் உண்டு. தீவுகளில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. ஆண்டின் இறுதியில் புயல்கள் வருகின்றன. மழையில் நனைந்து பசித்திருக்கும் புதிய கிளி பிழைப்பது அரிது. வானம் தெளிந்துள்ள ஒரு காலையில், கூண்டின் கதவைத் திறந்து வைத்து மனிதர் விலகிவிட வேண்டும். கிளி தானாக வெளிவரட்டும். சில நாட்கள் உணவுக்காகத் திரும்பி வரட்டும். உணவைக் கூண்டருகே தொடர்ந்து வைத்து, அது வராத நாட்கள் மிகுந்த பிறகே நிறுத்த வேண்டும். கையில் பிடித்து வானில் வீசி எறிந்து கைதட்டும் விழாக்கள் பார்ப்பவருக்கு இன்பமளிக்கலாம். பறவைக்கு அவை பயனற்றவை.

எல்லாக் கிளிகளும் திரும்ப இயலாது. எலும்பு முறிந்து சிறகு கூடாதவை, பல்லாண்டுகள் மனிதரோடு வாழ்ந்து தன்னினத்தை அறியாதவை, தீராத நோயுடையவை ஆகியவற்றிற்கு அங்கீகரிக்கப்பட்ட உயிரியல் பூங்காக்களே புகலிடம். பெரிய பச்சைக்கிளி நன்கு பேணப்பட்டால் முப்பதாண்டுகள் வரை வாழக்கூடும். அதனைப் பொறுப்பேற்பது ஒரு தலைமுறைக் காலப் பொறுப்பு. அங்கும் தன்னினத் துணையும், பறக்க இடமும், அலகுக்கு வேலையும் கொடுக்க வேண்டும். இவை இல்லாத கிளி சலிப்பினால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது.

மரப்பொந்து

கிளி தனக்குத்தானே பொந்து குடைவது அரிது. முதிர்ந்த மரத்தில் கிளை முறிந்து உளுத்த துளையையோ, மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்தையோ தேடி, அகலப்படுத்திக் குடியேறுகிறது. அத்தகைய மரம் உருவாக மனித ஆயுளினும் நீண்ட காலம் ஆகிறது. குஞ்சுகளை எடுப்பதற்காக அம்மரத்தை வெட்டிச் சாய்த்தால், அவ்வாண்டின் குஞ்சுகளோடு, வரப்போகும் பல ஆண்டுகளின் குஞ்சுகளும் இல்லாமற் போகின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நிக்கோபாரின் கரையோரக் காடுகளைப் பெருமளவில் அழித்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அத்தீவில் அமையவிருக்கும் துறைமுகம் முதலிய திட்டங்களுக்காக ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலத்தைப் பயன்படுத்த 2022ஆம் ஆண்டில் கொள்கையளவில் ஒப்புதல் அளிக்கப்பட்டிருக்கிறது. நிக்கோபார் கிளிக்கு அத்தீவையும் அதன் அண்டைத் தீவுகளையும் தவிர வேறு உலகம் இல்லை என்பதை முன்னரே கண்டோம். ஆதலால் அங்கே எஞ்சி நிற்கும் ஒவ்வொரு முதிர்ந்த மரத்திற்கும் தனி மதிப்பு உண்டு.

அட்டைப் பெட்டியில் வந்த குஞ்சுக்கு வீடு எது என்று தொடக்கத்தில் கேட்டோம். அது எடுக்கப்பட்ட தீவின் எடுக்கப்பட்ட காடே அதன் வீடு. மீட்பு நிலையமும் பறப்புக் கூண்டும் அவ்வீட்டிற்குச் செல்லும் வழியிலுள்ள தங்குமிடங்கள். எனவே கிளிக்குஞ்சை ஒப்படைக்க வருபவரிடம் அலுவலர் முதலில் கேட்க வேண்டியது, ‘இது எந்தத் தீவில், எந்த மரத்தில் கிடைத்தது?’ என்பதே. அவ்விடையைக் குறித்துக்கொள்ள ஒரு துண்டுத்தாளும் ஒரு நிமிடமும் போதும். அக்குறிப்பு இல்லாவிடில், அக்கிளியின் வாழ்நாள் முழுவதும் தேடினாலும் அதன் வீட்டைக் கண்டுபிடிப்பது அரிதாகிவிடும்.